தோலில் பட்ட இரத்தம், பால், முட்டைக் கறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் சோபா, கைப்பை, ஜாக்கெட், செருப்பு ஆகியவற்றைச் சுத்தம் செய்வதும் பழுதுபார்ப்பதும் என் வேலை. கறையோடு வருகிறவர்களில் பலருடைய பொருள் கறையால் கெட்டிருக்காது. கறையைப் போக்கச் செய்த முயற்சியால் கெட்டிருக்கும். நல்ல தோல் அப்படி வீணாவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அதனால், புரதக் கறைகளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். பதில்கள் உண்மையான தோலுக்கு உரியவை. ரெக்சினுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

புரதக் கறை என்கிறீர்களே, எதையெல்லாம் அப்படிச் சொல்வது?

இரத்தம், பால், தயிர், முட்டை, இறைச்சிச் சாறு, மீன் கழுவிய நீர், குழந்தை கக்கிய பால், வாந்தி. நெய்யும் எண்ணெயும் இதில் சேரா. பேனா மையும் மஞ்சளும் சேரா. பால் சேர்த்த காபியில் புரதமும் காபியின் நிறமும் கலந்திருக்கும்.

இந்தக் கறைகளுக்கு ஒரு பொதுவான குணம் உண்டு. ஈரமாக இருக்கும்வரை குளிர்ந்த நீரில் கரைந்து வரும். சூடோ, புளிப்போ, ஆல்கஹாலோ பட்டால் திரண்டு கெட்டியாகிப் பட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கீழே உள்ள எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்தக் குணத்திலிருந்து வருபவை.

கறை பட்டவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்? வீட்டில் தனியாக எந்த மருந்தும் இல்லை.

மருந்து வேண்டாம். கட்டியாக இருப்பதைக் கரண்டியின் விளிம்பால் வழித்து எடுங்கள். ஈரத்தை வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை தோலின் துளைகளுக்குள் இறங்கும். பிறகு துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, கறையின் ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கி ஒற்றுங்கள். துணியில் நிறம் ஏறியதும் அடுத்த மடிப்புக்கு மாறுங்கள். வேறொருவருடைய இரத்தமாக இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் மிச்சம் இருந்தால், ஒரு கிண்ணம் நீரில் சில சொட்டுக் குழந்தை ஷாம்பு விட்டு நுரை வரக் கலக்குங்கள். நீரைத் தொடாமல், மேலே நிற்கும் நுரையை மட்டும் துணியில் எடுத்து மென்மையாகத் தடவுங்கள். உடனே வேறொரு ஈரத்துணியால் நுரையைத் துடைத்தெடுத்து, காய்ந்த துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். எதையும் முதலில் கண்ணில் படாத ஓரத்தில் செய்து பார்த்துவிட்டுக் கறைக்கு வாருங்கள்.

வெந்நீரில் துடைத்தால் சீக்கிரம் போகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். செய்யலாமா?

எண்ணெய்ப் பிசுக்குக்கு அது பொருந்தும்; புரதத்துக்குப் பொருந்தாது. முட்டையின் வெள்ளைக் கரு சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே திரளத் தொடங்கிவிடுகிறது. இரத்தத்தில் உள்ள புரதங்களும் அதற்குச் சற்று மேலே திரள்கின்றன. கைக்கு நன்றாகச் சுடும் நீர் அந்த எல்லையை நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோலுக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. பதனிடாத பச்சைத் தோல் ஈரமாக இருக்கும்போது 60 முதல் 65 டிகிரியில் சுருண்டுவிடும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது ஏறத்தாழ 75 முதல் 85 வரை தாங்கும். குரோமியத்தில் பதனிட்டது 100 டிகிரியை ஒட்டித் தாங்கும். சுருங்கிய தோலை மீண்டும் விரிக்க வழி கிடையாது. தலைமுடி உலர்த்தியைக் கறைமேல் காட்டுவதும், துணி போட்டு இஸ்திரி வைப்பதும் வெந்நீரைவிட மோசம்.

என் பை எந்த வகைத் தோல் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மறைவான ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். சொட்டு உருண்டு நின்றால், மேலே நிறப்பூச்சும் பாதுகாப்புப் படலமும் உள்ள தோல். பெரும்பாலான சோபாக்களும் கார் இருக்கைகளும் இந்த வகை. கறை படலத்தின் மேலேயே நிற்பதால் பிழைக்க வாய்ப்பு அதிகம். ஒரு நிமிடத்துக்குள் நீரை உறிஞ்சி அந்த இடம் கறுத்தால், படலம் இல்லாத தோல். அதில் கறையும் உள்ளே இறங்கியிருக்கும். நுரையை மிகக் குறைவாகத் தொடுங்கள். மயிர்போன்ற மேற்பரப்பு இருந்தால் ஸ்வேட் அல்லது நூபக். அதற்குத் தனிப் பதில் கீழே.

துணிக்குப் போடும் என்சைம் சலவைத்தூள் இரத்தக் கறையை அப்படியே எடுத்துவிடுகிறது. தோலுக்கும் அதையே போட்டால் என்ன?

இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். தோல் என்பதே புரதம். கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். கறையைச் சிதைக்கும் புரோட்டியேஸ் என்ற நொதிக்கு (என்சைமுக்கு) எது கறை, எது தோல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பருத்தித் துணியில் புரதம் இல்லை. அதனால் அங்கே அது கறையை மட்டும் தின்கிறது.

தோல் பதனிடுகிறவர்களுக்கு இது பழைய செய்தி. பதனிடுவதற்கு முன் தோலை மிருதுவாக்க, ஒரு காலத்தில் நாய் மலத்தையும் புறா எச்சத்தையும் நீரில் கரைத்து அதில் ஊறவைத்தார்கள். அங்கே வேலை செய்தவை புரதத்தைச் சிதைக்கும் நொதிகளே. 1907-இல் ஓட்டோ ரோம் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதற்கு மாற்றாக, விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைக் கொண்டுவந்தார். 1914-இல் அதே கணைய நொதியைத் துணி துவைப்பதற்கும் சந்தைக்கு அனுப்பினார். என்சைம் சலவைத்தூளின் மூதாதை தோல் தொட்டியிலிருந்து வந்ததுதான். தோலின் இழைகளைத் தளர்த்துவதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள் அது. முடித்த பையின்மேல் அதைப் போடுவது எனக்குச் சம்மதமே இல்லை.

குரோமியத்தில் பதனிட்ட தோல் இதில் உடனே கரைந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. குரோமியம் இழைகளை இறுகப் பிணைத்திருப்பதால் நொதி எளிதில் உள்ளே நுழையாது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பட்டைத் தோலிலும், பழசாகிப் பொடியத் தொடங்கிய தோலிலும் ஆபத்து கூடுதல். துணியை நீரில் அலசி நொதியை வெளியேற்றலாம். சோபாவை அலச முடியாது. மிஞ்சிய தூள் தையல் இடுக்கில் தங்கி, அடுத்த முறை ஈரம் படும்போது மறுபடி வேலை செய்யும். போதாததற்குச் சலவைத்தூளின் காரம் வேறு. அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

சமையல் சோடா, சோப்பு, எலுமிச்சை, வினிகர்: இவை இயற்கையானவைதானே?

தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உள்ளது, அதன் பி.எச். அளவு (7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) ஏறத்தாழ 3.5-க்கும் 5-க்கும் இடையில் இருக்கும். சமையல் சோடாக் கரைசல் 8-க்கு மேல், குளியல் சோப்பு 9 அல்லது 10, சலவைத்தூள் இன்னும் மேலே. காரம் பட்டால் பதனிடப் பயன்படுத்திய பொருளும் சாயமும் தோலின் இழைகளிலிருந்து விடுபடத் தொடங்கும். அந்த இடம் வெளுத்து, உலர்ந்ததும் விறைக்கும். குழந்தை ஷாம்புவைச் சொன்னதற்குக் காரணம் அது நடுநிலையை ஒட்டியது என்பதே.

எலுமிச்சையும் வினிகரும் மறுபக்கத் தவறு. பாலில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதுவே பால் கறை பட்ட தோலின் துளைகளுக்குள்ளும் நடக்கும்.

கையில் சானிடைசர் இருந்தது, அதைத் தடவிவிட்டேன். நல்லதுதானே?

நல்லதில்லை. ஆல்கஹால் புரதத்தைத் திரளவைக்கும். கூடவே மேல்படலத்தையும் சாயத்தையும் இளக்கும். துணியில் தோலின் நிறம் ஒட்டியிருந்தால் படலம் போய்விட்டது என்று பொருள். அதற்குமேல் தேய்க்காமல், ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு உலரவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி இதைவிடக் கொடுமையானது.

இரத்தத்துக்கு உப்பு நீர் போடச் சொல்கிறார்கள். எச்சில் தொட்டுத் துடைத்தாலும் போகுமாமே?

உப்பு நீர் துணிக்குச் சரி. தோலில் உப்பு உள்ளே இறங்கி, உலரும்போது வெள்ளைக் கோடுகளாக வெளியே வரும், ஈரத்தையும் இழுத்துவைக்கும். எச்சிலில் உள்ள முக்கியச் செரிமான நொதி அமைலேஸ். அது மாவுப்பொருளைத்தான் உடைக்கும், இரத்தத்தை அல்ல. ஊசி குத்திய விரலிலிருந்து விழுந்த புத்தம்புதுச் சொட்டுக்கு எச்சில் உதவுகிறதென்றால், அது அங்கே வெறும் நீராக உதவுகிறது.

இரத்தம் காய்ந்து வாரக் கணக்காகிவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டால் நுரைத்துக்கொண்டு போய்விடும் என்கிறார்கள்.

நுரைப்பது உண்மை. இரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. ஆனால் பெராக்சைடு ஒரு வெளுப்பான். இரத்தத்தின் சிவப்பை எடுக்கும் கையோடு உங்கள் பையின் பழுப்பையும் எடுத்துவிடும். நிறமுள்ள தோலுக்கு வேண்டவே வேண்டாம்.

காய்ந்த இரத்தத்துக்குப் பொறுமைதான் வழி. மேலே படிந்த பொருக்கை விரல் நகத்தாலோ மென்மையான பிரஷ்ஷாலோ உதிர்த்துவிடுங்கள். பிழிந்த ஈரத்துணியைக் கறைமேல் சில நிமிடங்கள் வைத்து இளகவிட்டு ஒற்றுங்கள். பிறகு நுரை, பிறகு உலரவிடுதல். ஒரே மூச்சில் முடிக்க நினைக்காமல், முழுதும் உலர்ந்தபின் அடுத்த நாள் மறுபடி செய்யுங்கள். படலம் உள்ள தோலில் பெரும்பாலும் போய்விடும். படலம் இல்லாத தோலில் ஒரு நிழல் தங்கலாம்.

ஸ்வேட் செருப்பில் முட்டை விழுந்துவிட்டது. மேலே சொன்ன நுரை முறை இதற்கும் பொருந்துமா?

பொருந்தாது. ஸ்வேட் நீரைக் குடித்து விறைத்துவிடும். வழித்தெடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு, ஒற்றி, மீதியைத் தானாக உலரவிடுங்கள். உலர்ந்த முட்டை கண்ணாடிபோல் நொறுங்கும். ஸ்வேட் பிரஷ்ஷாலோ சுத்தமான வெள்ளை அழிப்பானாலோ ஒரே திசையில் தேய்த்தால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். எஞ்சியதை, ஈரம் தெரியாத அளவுக்குப் பிழிந்த துணியால் தொட்டு, உலர்ந்தபின் மறுபடி பிரஷ் செய்யுங்கள். நூபக்குக்கும் இதே முறை. ஆனால் கை இன்னும் லேசாக இருக்கட்டும்.

குழந்தை சோபாவில் பால் கக்கியது. கறை துளிகூட இல்லை, ஆனால் நாற்றம் போகவில்லை.

நாற்றம் பெரும்பாலும் தோலில் இருக்காது. தையல் துளைகள் வழியாகப் பால் உள்ளே இறங்கி, அடியில் உள்ள ஸ்பாஞ்சில் புளித்துக்கொண்டிருக்கும். மேலே எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை. அதிக நீர் விட்டுத் துடைத்தால் பாலை இன்னும் கீழே தள்ளுகிறீர்கள்.

மெத்தை உறைக்கு ஜிப் இருந்தால் திறந்து பாருங்கள். ஸ்பாஞ்சில் புரதம் இல்லை. அதைத் தனியே எடுத்து என்சைம் சலவைத்தூளில் தாராளமாக அலசலாம். முழுதும் காய்ந்தபின் மட்டும் உறைக்குள் போடுங்கள்; ஈரத்தோடு போட்டால் பூஞ்சை வரும். ஜிப் இல்லாத சோபாவாக இருந்தால், தைப்பவரை அழைத்து அடிப்பக்கத் துணியைப் பிரித்துப் பார்க்கச் சொல்வதே சரி. வாசனைத் திரவியம் தெளித்தால், புளித்த பாலோடு அந்த வாசனையும் சேர்ந்து வீசும்.

வால்பாறை போய் வந்தோம். 40 கொண்டை ஊசி வளைவுகளில் மகன் தாங்கவில்லை, பின் இருக்கை முழுக்க வாந்தி. இருக்கையில் சின்னச் சின்ன ஓட்டைகள் வேறு இருக்கின்றன.

வாந்தியில் வயிற்று அமிலமும், பெப்சின் என்ற புரதம் உடைக்கும் நொதியும் உண்டு. மற்றக் கறைகளைவிட இதற்கு அவசரம் அதிகம். வீடு திரும்பும்வரை விட்டுவைக்காதீர்கள். வண்டியை ஓரங்கட்டி, கையில் உள்ள குடிநீரைத் துணியில் நனைத்துப் பலமுறை ஒற்றி எடுத்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

ஓட்டையுள்ள இருக்கையில் நீரையோ நுரையையோ நேரடியாக ஊற்றாதீர்கள். துணியில் எடுத்து மட்டும் தொடுங்கள். ஓட்டைகளில் சிக்கியதை உலர்ந்தபின் மென்மையான பல்துலக்கியால் மேல்நோக்கித் தட்டி, வாக்குவம் கிளீனரால் இழுங்கள். இருக்கைக்குள் காற்று வீசும் மின்விசிறி இருந்தால், சுத்தமாகும்வரை அதை இயக்க வேண்டாம்.

வியர்வையும் சிறுநீரும் புரதக் கறைதானே?

அப்படித்தான் பலர் சொல்கிறார்கள். ஆனால் வியர்வை பெரும்பாலும் நீரும் உப்பும்தான். உடல்நலமுள்ளவரின் சிறுநீரில் புரதம் மிக மிகக் குறைவு. அதில் இருப்பது யூரியா. யூரியா நாளாக ஆக அம்மோனியாவாக மாறும். அந்த நெடிதான் மூக்கில் ஏறுகிறது. அம்மோனியா ஒரு காரம். காரம் தோலை என்ன செய்யும் என்று மேலே சொல்லிவிட்டேன். புத்தம்புதுச் சிறுநீரை ஒற்றி எடுத்து ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைத்தால் போதும். கடிகாரப் பட்டையிலும் ஜாக்கெட் கழுத்திலும் கறுப்பது வியர்வையோடு சேர்ந்த உடல் எண்ணெய். அதற்கு ஷாம்பு நுரை ஓரளவு உதவும்.

மட்டன் குழம்பு சிந்தியது. சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறிவிட்டது, பயமாக இருக்கிறது!

பயப்பட வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். குங்குமம் செய்வதே அந்த வழியில்தான். உடனே வெறும் ஈரத்துணியால் சோப்பைத் துடைத்தெடுங்கள்.

குழம்புக் கறையில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. இறைச்சிப் புரதத்தைக் குளிர்ந்த நீரால் எடுங்கள். எண்ணெய்க்குச் சோளமாவை உலர்வாகத் தூவி ஓர் இரவு விட்டுத் துடைத்துவிடுங்கள். மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் தானாக மங்கும். நேர் வெயில் படாத, வெளிச்சமான சன்னல் ஓரம் போதும்.

எங்கள் கார் இருக்கை ரெக்சின்தான் போலிருக்கிறது. இவ்வளவு கவனம் தேவையா?

கிழிந்த ஓரம் இருந்தால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். துணிப் பின்னல் தெரிந்தால் செயற்கை. மெல்லிய நார் நாராக இருந்தால் தோல். ரெக்சினில் தின்பதற்குப் புரதம் இல்லாததால் நொதியால் கேடு இல்லை. சானிடைசரையும் நகப்பூச்சு நீக்கியையும் மட்டும் இதிலும் தவிருங்கள்.

கறை போய்விட்டது. ஆனால் துடைத்த இடத்தில் வட்டமாக ஒரு கோடு விழுந்திருக்கிறது.

ஈரம் நின்ற எல்லையில், நீரோடு நகர்ந்த அழுக்கும் சாயமும் சேர்ந்து விழும் கோடு அது. ஒரு தையலிலிருந்து மறு தையல் வரை அந்தத் துண்டு முழுவதையும், நன்றாகப் பிழிந்த துணியால் ஒரே சீராகத் துடைத்து ஒன்றாக உலரவிட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

பட்டைத் தோலில் வேறு ஒரு சிக்கல் உண்டு. திண்டுக்கல், ஈரோடு, திருச்சி வட்டாரங்களில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோலுக்குப் பெயர் இருந்தது. இன்று வாட்டில் பட்டைச் சாறு அதிகம் பயன்படுகிறது. எந்தப் பட்டையானாலும் அதிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் கருநீலமாகும். இரும்புச் சத்துள்ள ஆழ்குழாய்க் கிணற்று நீரால் துடைத்தால் இரத்தக் கறை போய் மைக் கறை வரும். இந்தத் தோலுக்குக் கேன் நீர் அல்லது சுத்திகரித்த நீர் மட்டும் பயன்படுத்துங்கள். இரும்பு நார், துருப்பிடித்த வாளி எதுவும் அருகில் வரக்கூடாது.

ஐப்பசி மழையில் அதே இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பழைய கறை திரும்பி வந்துவிட்டதா?

முழுதும் போகாத பாலோ தயிரோ பூஞ்சைக்கு உணவாகியிருக்கலாம். அப்படியானால் புழுங்கிய மணம் இருக்கும். வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, நுரை முறையைச் செய்து, காற்றோட்டத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் கட்டிவைக்காதீர்கள்.

மணமே இல்லாமல் மெழுகுபோல் படிந்திருந்தால், அது தோலுக்குள் இருந்த கொழுப்பு வெளியே பூத்தது. உள்ளங்கையை அழுத்தி வைத்தால் அந்தச் சூட்டிலேயே மங்கிவிடும். துடைத்தால் போதும்.

சுத்தம் செய்தபின் தேங்காய் எண்ணெய் தடவுவது எங்கள் வீட்டு வழக்கம்.

சுத்தம் செய்தபின் தோலுக்குக் கொழுப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் சரியானது. ஆனால் தேங்காய் எண்ணெய் படலம் இல்லாத தோலைத் திட்டுத் திட்டாகக் கறுக்கவைக்கும், நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். தோலுக்கென்று விற்கும் கண்டிஷனரை மெல்லிதாகத் தடவுங்கள். தோல் முழுதும் உலர்ந்தபின், அதுவும் கறை போனது உறுதியானபின் மட்டும் தடவுங்கள். கறையின்மேல் தடவினால் அடுத்த முறை நீரால் அதைத் தொட முடியாது.

ஜாக்கெட்டில் இரத்தம். இந்தத் தொல்லையே வேண்டாம், டிரைகிளீனிங்கில் போட்டுவிடட்டுமா?

அங்கே பயன்படும் கரைப்பான் எண்ணெயைக் கரைக்கும்; நீரில் கரையும் புரதத்தைக் கரைக்காது. தோலின் கொழுப்பையும் சேர்த்துக் கழுவிவிடும். பிறகு உலர்த்தும் சூட்டில் இரத்தம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தோலுக்கென்றே தனிப்பிரிவு உள்ள கடையாகப் பாருங்கள். இது இரத்தக் கறை என்பதைச் சொல்லி, ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள்.

எல்லாம் செய்தும் நிழல் போகவில்லை. இன்னும் தேய்க்கட்டுமா?

இரண்டு மூன்று சுற்றுகளில் மாற்றமே தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். தேய்த்துப் படலத்தை இழந்த தோலைவிட லேசான நிழல் உள்ள தோல் நீடித்து உழைக்கும். நிறப்பூச்சு உள்ள தோலில், கைதேர்ந்தவர் அதே நிறத்தை மேலே ஏற்றி மூடிவிட முடியும். படலம் இல்லாத தோலில் அப்படி மூடினால் அதன் இயல்பான முகம் போய்விடும். அதில் நிழலை அப்படியே விடச் சொல்வேன்.

ஐயா, மிருதங்கம் வாசிக்கும்போது விரல் வெடித்துத் தோலில் இரத்தம் பட்டுவிட்டது. பைக்குச் செய்வதையே இதற்கும் செய்யலாமா?

கூடாது. மிருதங்கத்தில் இருப்பது பதனிடாத பச்சைத் தோல். குரோமியமோ பட்டையோ அதன் இழைகளைப் பிணைத்திருக்கவில்லை. என்சைம் தூள் பற்றிச் சொன்ன ஆபத்து முழு அளவில் பொருந்துவது இங்கேதான். நீர் பட்டால் தோல் உப்பித் தளர்ந்து சுருதி இறங்கும். வலந்தலையில் (வலக்கைப் பக்கத் தோலில்) உள்ள கரணை என்ற கருவட்டத்தின் ஓரத்தில் ஈரம் இறங்கினால் அது பெயரத் தொடங்கும்.

ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மிகவும் தேவைப்பட்டால், கரணையைத் தொடாமல், கையில் வைத்தால் ஈரமே தெரியாத அளவுக்குப் பிழிந்த துணியால் ஒரு முறை தொட்டு உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். பழுப்பு நிழல் தங்கினால் தங்கட்டும். நாதத்தை அது பாதிக்காது. கண்ணை உறுத்தினால், அடுத்த மூட்டு (தோல் முகம்) மாற்றும்போது மிருதங்கம் செய்பவரிடம் காட்டுங்கள்.